அரை எலுமிச்சம்பழமும் சுண்டுவிரல் எஞ்சினும்

புகைவண்டி ஒன்று எலுமிச்சம்பழத்தோடு மோதி உயிர்விட்டதை நேரில் கண்டவர்கள் சிங்கப்பூரில் பலர் இருக்க முடியாது. நான் கண்டேன். கண்டதோடு நில்லாமல், அந்த வண்டிக்கு மின்விசையை முழு அளவில் திருப்பிவிட்டவனும் நானே. ஆகவே இதனைச் சொல்லும் உரிமையும், ஓரளவு கடமையும் எனக்கு உண்டு.

அறுபதுகளின் நடுப்பகுதியில் நான் பள்ளியொன்றில் தமிழாசிரியனாகப் பணியாற்றிவந்தேன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், கீழே மளிகைக் கடையும் மேலே இரண்டு குடித்தனங்களும் அமைந்த பழைய கடைவீட்டின் மாடியில் நானும் என் மனைவியும் வாழ்ந்தோம். படிக்கட்டு முடியும் இடத்தில் நான்கடி அகலத்தில் ஒரு நடை. அதனைக் கடந்தால் எதிர்வீடு. அங்கே யாழ்ப்பாணத்தைப் பூர்விகமாகக் கொண்ட கணவனும் மனைவியும் குடியிருந்தனர். கணவர் தஞ்சோங் பகார் புகைவண்டி நிலையத்து அலுவலகத்தில் நேர அட்டவணைகளைக் கவனிக்கும் எழுத்தர். பகலெல்லாம் பெரிய வண்டிகளின் நேரத்தைத் தாளில் எழுதுவார். மாலையில் வீடு திரும்பியதும் சிறிய வண்டி ஒன்றைப் பலகையின்மேல் ஓட்டுவார்.

அந்த வண்டியின் சிறுமையை இன்றைய வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். எஞ்சின் என் சுண்டுவிரல் நீளம். இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் ஒரு நகத்தின் அகலம். செருமனி நாட்டில் செய்யப்பட்டது. தாயகம் திரும்பிய ஆங்கில அதிகாரி ஒருவரிடமிருந்து அவர் கைக்கு வந்தது. கருநிற எஞ்சின், நான்கு பயணிகள் பெட்டிகள், கடைசியில் கார்டு அமரும் பழுப்புநிற வண்டி, பாதையோரத்தில் நிறுத்த ஒரு சிக்னல் கம்பம், இத்தனைக்கும் மின்சாரம் ஊட்டும் திருகு வைத்த ஒரு பெட்டி. இவற்றில் எவர் கையும் படலாகாது என்பது அவ்வீட்டுச் சட்டம்.

சட்டத்தை மீறினால் அவர் திட்டமாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார். ஒருமுறை அவர் மனைவி, அந்த அம்மையார், தூசு தட்டும்போது ஒரு பெட்டியைத் திசைமாற்றி வைத்துவிட்டார். அதற்குப் பதினொரு நாள் மௌனம். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்பதைக்கூடத் தட்டை அரை அங்குலம் நகர்த்தித்தான் தெரிவித்தாராம். அந்தப் பதினொரு நாளும் அம்மையார் எங்கள் வீட்டுக்கு வந்து, கிளியோடு பேசுவதுபோல் எங்கள் கடிகாரத்தோடு பேசிக்கொண்டிருந்ததை நானே கண்டிருக்கிறேன்.

என் மனைவி ஆண்டுதோறும் ஏழு படிகளில் கொலு வைப்பாள். அவ்வாண்டு நவராத்திரிக்கு முந்திய நாள் எதிர்வீட்டு அம்மையார் வந்து படிகளை நெடுநேரம் நோக்கினார். அவர்கள் வீட்டில் கும்பம் வைத்து வழிபடுவார்களேயன்றிப் பொம்மை அடுக்கும் வழக்கம் இல்லை.

“வடிவாத்தான் இருக்குது பிள்ளை. ஆனா எல்லாரும் சும்மா நிக்கினம். ஒண்டாவது அசைய வேண்டாமோ?”

“பொம்மை எங்கக்கா அசையும்?” என்றாள் என் மனைவி.

“அசையிற சாமான் ஒண்டு எங்கட வீட்டில இருக்குதெல்லே. அவர் நாளைக்குக் கோலாலம்பூர் போறார். அலுவலா பத்து நாள்.”

எந்தச் சாமான் என்று மூவருக்கும் தெரியும். வேண்டாம் என்று கூறியிருக்க வேண்டியவன் நான். ஆனால் அந்த வண்டியை அருகிலிருந்து பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது. ஆதலால் அறிவுடையவன்போல் மோவாயைத் தடவிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கணவர் படியிறங்கிய சிறிது நேரத்தில் இடமாற்றம் தொடங்கியது. அம்மையார் பலகையின்மேல் பழைய செய்தித்தாள்களை விரித்து, ஒவ்வொரு பெட்டியும் நின்ற இடத்தை எழுதுகோலால் கோடிட்டுக் குறித்துக்கொண்டார். திரும்ப வைக்கும்போது அணுவளவும் பிசகக்கூடாதாம். கொலுவின் முன்னால், கடுகு முளைக்க வைத்த பூங்காவையும் கண்ணாடித்துண்டில் அமைத்த குளத்தையும் சுற்றித் தண்டவாளம் வட்டமாய் அமைந்தது. வண்டி ஓடியது.

அவ்வளவுதான், எங்கள் தெருவில் நவராத்திரி என்பது வேறொன்றாய் மாறிவிட்டது. பாடவந்த பெண்கள் பல்லவியோடு நிறுத்திவிட்டு வண்டியைப் பார்த்தார்கள். சுண்டலைக் கையில் வாங்கியவர்கள் உண்ண மறந்தார்கள். கடை வைத்துக் குந்தியிருக்கும் செட்டியார் பொம்மை, தன் முழங்காலுக்கும் எட்டாத வண்டியில் எப்படி ஏறுவது என்று ஒன்பது நாளும் யோசித்தவண்ணம் இருந்தது. அம்மையாரோ தம் வீட்டுத் திருமணம்போல் வந்தவர்களையெல்லாம் வரவேற்றுத் திருகைத் தாமே திருப்பிக் காட்டினார். அவர் அவ்வளவு மகிழ்ந்து நான் அதற்குமுன் கண்டதில்லை.

ஒன்பதாம் நாள் ஆயுத பூசை. அன்று மாலை வந்து சேர்ந்தார் என் மனைவியின் தமையனார்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செம்பவாங் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையில் அவர் மின்பொறி பழுதுபார்ப்பவர். அங்கே அவர் கையாளும் மோட்டார்கள் சிலவற்றுக்குள் ஆளே இறங்கி நிற்கலாம். அவருடைய விரல்களும் அவற்றுக்கு ஏற்பவே வளர்ந்திருந்தன. பட்டறையில் ஆயுத பூசையைத் தமிழ்த் தொழிலாளர்கள் பெரிதாகக் கொண்டாடுவார்கள். பூசை முடிந்த சூட்டோடு, மிஞ்சிய சந்தனம், குங்குமம், ஒரு பை நிறையச் சிற்றெலுமிச்சம்பழம் ஆகியவற்றோடு அவர் பேருந்தேறி வந்திருந்தார். மலாய்க்காரர்கள் ‘லீமாவ் கஸ்தூரி’ என்பார்களே, கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிய பழம், அது.

எங்கள் வீட்டு அரிவாள்மணைக்கும், அம்மிக்கும், என் சிவப்பு மை பேனாவுக்கும் பொட்டு வைத்தாயிற்று. அவர் கண் வண்டியின்மேல் விழுந்தது.

“இதுக்கு வெக்கல?”

“வேணாண்ணே. அடுத்தவங்க பொருள்,” என்றாள் என் மனைவி.

“ஓடுற எல்லாத்துக்கும் உண்டும்மா. காலைல நாங்க கிரேனுக்கே வெச்சோம், லா. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? என்னக்கா சொல்றீங்க?”

கேள்வி எதிர்வீட்டு அம்மையாரை நோக்கியது. கூடத்தில் அப்போது எட்டு ஒன்பது பெண்கள் இருந்தனர். அத்தனை பேர் முன்னிலையில் பூசை வேண்டாம் என்று சொல்ல எவருக்கு மனம் வரும்?

“சின்னப் பொட்டா வையுங்கோ,” என்றார் அம்மையார்.

பொட்டு சின்னதாகத்தான் தொடங்கியது. பிறகு சக்கரங்களுக்கு ஒவ்வொன்றாகச் சந்தனம். பிறகு, கப்பல் பட்டறையில் எந்த வாகனத்துக்கும் செய்வதுபோல, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி முன்னேற வேண்டும். அப்போதுதான் கண்ணேறு கழியும்.

பழத்தை நிறுத்திப் பார்த்தால், எஞ்சினின் புகைபோக்கிக்குச் சமமான உயரம் இருந்தது.

“மச்சான், இது ஏறாது,” என்றேன்.

“நீங்க ஓட்டுங்க மாப்ளே. மெஷினோட சக்தி உங்களுக்குத் தெரியாது.”

ஓட்டினேன். எஞ்சின் பழத்தை முட்டியது. பழம் நசுங்காமல் உருண்டது. தண்டவாளங்களுக்கு நடுவே, வழிகாட்டிபோல் முன்னால் பழமும் பின்னால் எஞ்சினுமாகக் குளத்தைச் சுற்றிப் பாதி தூரம் ஊர்வலம் சென்றார்கள். பெண்கள் கைதட்டினர். மைத்துனருக்கு மட்டும் நிறைவில்லை. நசுங்காத பழம் வேலை செய்யாத பழம் என்றார். உடனே மற்றொரு பழத்தை எடுத்துக் குறுக்கே நறுக்கி, பாதியைக் கவிழ்த்துத் தண்டவாளத்தில் வைத்து, உருண்டோடாமல் இருக்க அடியில் சந்தனத்தை அப்பினார். பிறகு எஞ்சினின் முதுகில் தம் ஆள்காட்டி விரலை அழுத்திக்கொண்டார். “சின்னப் புள்ளைக்கு நாமதான் கொஞ்சம் கை குடுக்கணும். குடுங்க ஃபுல் பவர்!”

நான் திருகைப் பத்து என்று எழுதியிருந்த இடம்வரை திருப்பினேன்.

எஞ்சின் முன்னே செல்லப் பழம் விடவில்லை. பின்னே நழுவ விரல் விடவில்லை. அதன் வயிற்றுக்குள்ளிருந்து கொசு முனகுவது போன்ற ஓசை எழுந்தது. பிறகு புகைபோக்கி வழியாக நூலிழைபோல் புகை வந்தது.

“இங்க பாருங்கடி, புகைகூட வருது!” என்று கூவினாள் ஒரு பெண்மணி. கூடம் முழுதும் மறுபடி கைதட்டல். எல்லாரையும்விட உரக்கத் தட்டியவர் எதிர்வீட்டு அம்மையார். பின்னரே அந்த நாற்றம் எங்கள் மூக்கை எட்டியது. மோட்டாருக்கு மூன்று தூய தமிழ்ச் சொற்களை அக்காலத்தில் நான் ஆக்கி வைத்திருந்தேன்; ஆனால் அந்நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது, “ஐயோ, மோட்டார்!” என்பதுதான்.

விருந்தினர் சென்றபின் பழத்தை அகற்றித் திருகைப் பலமுறை திருப்பினோம். எஞ்சின் அசையவில்லை. அம்மையார் கொலுவின் முன்னால் அப்படியே அமர்ந்துவிட்டார்.

“நாளையிண்டைக்கு, தசமி கழிஞ்ச காலமை, மெயில் ரயிலில வந்திடுவார். கால் கழுவ முந்தி இதைத்தான் ஒருக்கா ஓட்டிப் பாப்பார். ஒரு பெட்டியைத் திருப்பி வைச்சதுக்கே பதினொரு நாள். இதுக்கு...” விரல்விட்டு எண்ணத் தொடங்கி, நிறுத்திவிட்டார். “தீபாவளி போயிடும் பிள்ளை. பொங்கலும் போயிடும். நான் உங்கட மணிக்கூட்டோடதான் கதைக்க வேணும்.”

அவர் அழவில்லை. சிரிக்க முயன்றார். அதுதான் எங்கள் மூவரையும் உலுக்கியது. என் மைத்துனர் முதன்முறையாகக் குரல் தாழ்த்திப் பேசினார்: “அக்கா, அவர் வர்றதுக்குள்ள இது ஓடும். நான் எரிச்சேன், நான் ஓட்டுறேன்.”

மறுநாள் அவர் பட்டறைக்கு விடுப்புச் சொல்லியனுப்பினார். காரணம்: குடும்பத்தில் அவசரப் பழுது. நான் பள்ளியில் விசயதசமிச் சொற்பொழிவை வழக்கத்தினும் பாதி நேரத்தில் முடித்துக்கொண்டு நண்பகலில் வெளியேறினேன். வகுப்பறைகள் அதற்காக எனக்கு நன்றி பாராட்டியிருக்கும்.

எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றிவிடலாம் என்பது அவருடைய முதல் எண்ணம். பட்டறையில் அவர் அன்றாடம் செய்யும் வேலை அது. ஆனால் எஞ்சினின் மேலோட்டைக் கழற்றியபோது உள்ளே இருந்தது புளியங்கொட்டை அளவில் ஒரு பொருள். அதில் தலைமயிரைவிட மெல்லிய செப்புக்கம்பி பல நூறு சுற்று. அதனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நோக்கினார்.

“எங்க மோட்டாருக்குள்ள ஆளு இறங்கி வேலை பாப்போம் மாப்ளே. இதுல கொசுதான் இறங்கணும்.”

ஆகவே வேறு மோட்டார் வாங்கி மாற்றுவது என்று முடிவாயிற்று. பேருந்தேறி ராஃபிள்ஸ் பிளேஸ் சென்றோம். பெரிய கடையொன்றின் கண்ணாடிப் பேழையில் இதே இனத்து வண்டிகள் அழகாக நின்றன. விற்பனையாளர் எங்கள் எஞ்சினைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, இதில் என்ன மணம் என்று கேட்டார். சந்தனம் என்று நான் சொன்னது அவருக்கு எவ்வகையிலும் உதவவில்லை. மோட்டார் மட்டும் தனியாக விற்பதில்லை; செருமனிக்கு எழுதினால் கப்பலில் வர மூன்று மாதம் ஆகும் என்றார். எங்களுக்கு மூன்று மாதம் இல்லை. அடுத்த காலைவரை இருந்தது.

சோர்ந்துபோய் சேஞ்ச் ஆலியின் நெரிசலுக்குள் நுழைந்தோம். கப்பல் மாலுமிகளுக்குச் சில்லறைப் பொருள் விற்கும் குறுகிய சந்து அது. ஒரு வணிகர் வெள்ளைக்கார மாலுமி ஒருவரின் மூக்கின் கீழே சிறு விசிறி ஒன்றைச் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். சப்பானில் செய்தது, சட்டைப் பையில் அடங்கும், மின்கலம் இரண்டு போட்டால் சுழலும். என் மைத்துனர் திடீரென நின்றார். மாலுமிக்கு முன்பாகக் கையை நீட்டி அந்த விசிறியை வாங்கினார். வாங்கிய இடத்திலேயே இறக்கைகளைப் பிடுங்கி எறிந்தார். வணிகர் அவசரமாகக் காசைப் பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளிருந்த மோட்டார், எஞ்சினுக்குள் நுழைய முடியாதபடி மும்மடங்கு பெரியது.

“இது நுழையாது,” என்றேன்.

“எஞ்சினுக்குள்ள எதுக்கு நுழையணும்?” அவர் கண்கள் ஒளிர்ந்தன. “கப்பலுக்கு மோட்டார் மூஞ்சியிலயா இருக்கு? பின்னால இருந்துதானே தள்ளுது!”

எங்கள் தெருமுனையில், கடைகளின் முன்புறம் ஓடும் அஞ்சடியில், சீனர் ஒருவர் கண்ணாடிப் பெட்டியொன்றை முன்னால் வைத்துக் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பார். அவரிடம் சென்றோம். என் மைத்துனர் பசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாய்ப் பேச்சில், நெடிய விளக்கம் தந்தார். சீனர் உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் பொருத்தி, எஞ்சினின் பற்சக்கரத்திலிருந்து இடுக்கியால் எதையோ எடுத்துக் காட்டினார். எலுமிச்சை விதை.

இந்த வண்டி பழச்சாறு குடிக்குமா என்று மலாயில் கேட்டார். கேட்டுவிட்டுத் தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தார். பிறகு மோட்டாரையும் கார்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “போலே,” என்றார். முடியும் என்று பொருள். அன்று முழுவதும் நாங்கள் கேட்ட முதல் நற்சொல் அது.

நான்கு மணி நேரம் அந்த வேலை நடந்தது. எரிந்த மோட்டாரையும் அதன் பற்சக்கரத்தையும் சீனர் எஞ்சினிலிருந்து எடுத்துவிட்டார். இனி எஞ்சின் தானாக உருளும் வெறும் கூடு. கார்டு வண்டியின் உட்புறத்தை அரத்தால் சுரண்டி, விசிறி மோட்டாரை அதனுள் குறுக்காக அமர்த்தினார். மோட்டாரின் சுழலும் முனைக்கும் சக்கர அச்சுக்கும் இடையே மாட்ட ஒரு வளையம் தேவைப்பட்டது. என் மைத்துனர் பக்கத்துக் கடையின் மிதிவண்டிக்காரரிடம் வால்வு டியூப் கேட்டு வாங்கிவந்தார்; அதிலிருந்து மெல்லிய ரப்பர் வளையத்தைச் சீனர் சவரத் தகட்டால் வெட்டியெடுத்தார். தண்டவாளத்திலிருந்து மின்சாரத்தை எஞ்சினின் சக்கரங்களே வாங்க வேண்டும். அங்கிருந்து கார்டு வண்டிவரை இரண்டு கம்பிகள் போக வேண்டும். எரிந்த மோட்டாரின் சுருளிலேயே கருகாமல் எஞ்சியிருந்த பகுதியை அவிழ்த்து, அதனையே பயன்படுத்தினார். விசிறி மோட்டாரோ குறைந்த விசையில் ஓடுவது. நேரே மின்சாரம் கொடுத்தால் இதுவும் கருகும். அதற்கு வழி கண்டவர் என் மைத்துனர். கைவிளக்கின் சிறு பல்பு ஒன்றை இடையில் இணைத்து, மிகுதியான விசையை அது உண்ணும்படி செய்தார். பல்பு கார்டு வண்டிக்குள் பதுங்கியது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். திருகாணிகளை வெற்றிலையின்மேல் வரிசையாக அடுக்கிக் காவல் காத்தேன். பதினொரு திருகாணிகள். ஒன்றும் தொலையவில்லை.

பொழுது சாய்வதற்குள் வண்டி எங்கள் கூடத்தில் ஓடியது. எஞ்சினுக்குப் பின்னால் கார்டு வண்டி. அது எஞ்சினைத் தள்ளிக்கொண்டும் பெட்டிகளை இழுத்துக்கொண்டும் சென்றது. ஓடும்போதெல்லாம் அதன் சன்னலில் மஞ்சள் ஒளி மினுங்கியது. ஓசை மட்டும் விசிறியின் ஓசை. அம்மையார் வண்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கார்ட் வான் கடைசியிலதானே இருக்கும்?” என்றார்.

“இனிமே முன்னால,” என்றார் மைத்துனர்.

“அவருக்குத் தெரியாமல் போகுமோ?”

இருபது ஆண்டாகப் புகைவண்டி அலுவலகத்தில் பணிபுரிபவருக்கு அது தெரியாமல் போகும் என்று எங்களில் எவரும் சொல்லவில்லை. செய்தித்தாளில் இட்ட கோடுகளின்படி, கார்டு வண்டியை மட்டும் இடம்மாற்றி, எல்லாவற்றையும் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் காலை, பள்ளிக்குப் புறப்படும் நேரம். படிக்கட்டில் காலடி ஓசை. எதிர்வீட்டுக் கதவு. பெட்டியைத் தரையில் வைக்கும் சத்தம். நானும் மனைவியும், பட்டறைக்குச் செல்லாமல் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட மைத்துனரும் எங்கள் கதவுக்குப் பின்னால் வரிசையாக நின்றோம். சொடுக்கும் ஓசை கேட்டது. விசிறியின் ஓசை தொடங்கியது. ஒரு சுற்று. இரண்டு. மூன்று. பேச்சுக்குரல் இல்லை.

அம்மையார் நடைக்கு வந்து எங்கள் கதவிடுக்கில் முகத்தை வைத்தார். “ஒண்டும் கதைக்கிறார் இல்லை,” என்று முணுமுணுத்தார். அவர் முகத்தில் பதினொரு நாளுக்கும் மேற்பட்ட ஏதோ தெரிந்தது.

“மாஸ்டர்!” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “ஒருக்கா வாங்கோ. எல்லாரும் வாங்கோ.”

சென்றோம். அவர் பயண உடையைக்கூட மாற்றவில்லை. வண்டியை நிறுத்தியிருந்தார். எஞ்சினைக் கவிழ்த்து மூக்கருகே வைத்திருந்தார்.

“இருபது வருசமா ரயில்வேயில இருக்கிறன். கார்ட் வான் எஞ்சினைத் தள்ளிக்கொண்டு போறதை இண்டைக்குத்தான் பாக்கிறன். எஞ்சினிலை எலுமிச்சம்பழம் மணக்குது. சிம்னிக்குள்ளை குங்குமம் கிடக்குது. என்ன நடந்தது?”

நான் நன்கு அமைந்த வாக்கியம் ஒன்றைத் தொடங்கினேன். அது முடிவதற்குள் மைத்துனர், “நான்தான் சார்,” என்றார். அதே நொடியில் அம்மையாரும், “நான்தான் குடுத்தனான்,” என்றார்.

அவர் எஞ்சினை மெல்லக் கீழே வைத்தார். மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்தார். நாற்காலியில் அமர்ந்து கண்ணாடியை அணிந்துகொண்டார். விபத்து நேர்ந்தால் புகைவண்டித் துறையில் விசாரணை நடத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதனை நான் கண்டது அன்று ஒருமுறைதான்.

“பாதையிலை தடையை வைச்சது ஆர்?”

“நான் சார்.”

“என்ன தடை?”

“எலுமிச்சம்பழம். அரைப் பழம், சார். மொதல்ல முழுப் பழம்தான் வெச்சோம். அது உருண்டு ஓடிருச்சு.”

எழுதினார். எழுதும்போது மீசை ஒருமுறை துடித்ததோ என்று ஐயுற்றேன்.

“வண்டியை ஓட்டினது ஆர்?”

“நான்,” என்றேன்.

“தடையைக் கண்ணாலை கண்டனீங்களோ, மாஸ்டர்?”

“கண்டேன்.”

“கண்டும் ஓட்டினீங்கள்.”

“முழு விசையில் ஓட்டினேன்,” என்றேன். மறைத்துப் பயனில்லை.

“ம். சிக்னல் என்ன நிறத்திலை இருந்தது?”

சிக்னல் கம்பம் கொலுவுக்கு வரவே இல்லை. ஒன்பது நாளும் இதே பலகையின் மூலையில்தான் நின்றிருந்தது. அவரும் அதனை அங்கே கண்டார். எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு மனைவியை நோக்கித் திரும்பினார். அம்மையார் சேலைத் தலைப்பை இறுகப் பற்றினார்.

“நீர் ரயிலைக் குடுத்தனீர். சிக்னலை ஏன் குடுக்கேல்லை?”

“நீங்கள்தானே ஒண்டிலையும் கை வைக்காதையெண்டு சொன்னனீங்கள்!”

அவர் வாய் திறந்தது. மூடியது. மீண்டும் திறந்தபோது அதிலிருந்து வெளிப்பட்டது சிரிப்பு. மீசை, தோள், நாற்காலி என அனைத்தும் குலுங்கச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, எலுமிச்சம்பழம் உருண்டோடிய காட்சியை மறுபடி சொல்லச் சொன்னார். மைத்துனர் சொன்னார். கார்டு வண்டியைத் திறந்து காட்டச் சொன்னார். விசிறி மோட்டாரையும் வால்வு டியூப் வளையத்தையும் பார்த்து, தலையை ஆட்டினார். பல்பைக் கண்டதும் திருகை மெல்லத் திருப்பி அதன் ஒளியைப் பார்த்தார்.

“கார்டுக்கு ஒரு விளக்கு வேணுமெண்டு எத்தனை நாளா யோசிச்சனான்,” என்றார்.

பிறகு தாளில் தீர்ப்பை எழுதி உரக்கப் படித்தார். தடை வைத்தவருக்கு எச்சரிக்கை. உரிமம் இன்றி ஓட்டியமைக்காக மாஸ்டர் ஓராண்டு காலம் திருகைத் தொடலாகாது. சிக்னல் இன்றி வண்டியை அனுப்பிய நிலைய அதிகாரி, அதாவது அம்மையார், அடுத்த நவராத்திரிக்கு வண்டியைக் கொடுக்கும்போது சிக்னலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அடுத்த நவராத்திரி என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மையார் சேலைத் தலைப்பை விட்டார்.

செருமனிக்குக் கணவரே எழுதி, பொங்கலுக்குப் பிறகு சரியான மோட்டார் வந்து, அஞ்சடிச் சீனரே அதனை எஞ்சினுக்குள் பொருத்தினார். கார்டு வண்டி தனக்குரிய கடைசி இடத்துக்குத் திரும்பியது. விளக்கை மட்டும் எடுக்கக் கணவர் உடன்படவில்லை. அடுத்த ஆண்டு ஆயுத பூசையன்று எஞ்சினுக்குத் தீக்குச்சி முனையால் ஒரு பொட்டு வைத்தவரும் அவரே. எலுமிச்சம்பழம் தண்டவாளத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, சிக்னலுக்கு அப்பால் வைக்கப்பட்டது.

ஆயினும் நான் மறவாதது விசாரணைக்குப் பின் வந்த நான்காம் நாளைத்தான். மாலையில் அம்மையார் எங்கள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றார். எதிர்வீட்டிலிருந்து கணவரின் குரல் தெளிவாகக் கேட்டது. அலுவலக நண்பர் எவரோ வந்திருந்தார்; கணவர் தம் கதையில் பழம் உருண்ட கட்டத்தை அப்போதுதான் எட்டியிருந்தார்.

“நாலு நாளாப் பிள்ளை,” என்றார் அம்மையார். “விடியக்காலமை தொடங்கினா படுக்கும்வரைக்கும் கதைதான். பழம் உருண்டதாம், முழுப் பழமாம், அரைப் பழமாம். வாற ஆளுக்கெல்லாம் முதலிலை இருந்து. என்ர காது போச்சு.”

என் மனைவி சிரிப்பை அடக்க முயன்று தோற்றாள்.

அம்மையார் எங்கள் கடிகாரத்தை ஏக்கத்தோடு ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“உங்கட அண்ணர் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்திலை மிச்சம் ஒண்டு கிடக்குதோ?”